ஏழாம் துளை

ஆற்றின் மேல் பனி எத்தனை தடிமன் என்று
அளந்து வரச் சொன்னார்கள்.
நாலு பேர், ஒரு துளைக்கருவி, ஒரு அளவுகோல்,
பன்னிரண்டு துளைகள், மூன்று வாரம்.
மதிப்பெண் மட்டும் நால்வருக்கும் ஒன்றே.
அந்தக் கடைசி வரிதான் என் தூக்கத்தைத் தின்றது.

முதல் நாளே வேலையைப் பிரித்தேன்.
பிரித்தோம் என்றுதான் குறிப்பேட்டில் இருக்கிறது.
பிர்கித்துக்கு வரைபடம். ரக்னாருக்குப் புகைப்படங்கள்.
எழுதுவது நான், கோப்பது நான், சரிபார்ப்பதும் நான்.
நார்வாவிலிருந்து வந்த ஸ்தாஸுக்குத்
துளை போடும் வேலை.

ருஷ்ய வீட்டில் வளர்ந்தவன்.
எஸ்தோனிய மொழியில் அவன் ஒரு வாக்கியத்தைத்
தொடங்கி நடு வழியில் நின்றால்
மீதியை நான் முடித்துக் கொடுத்துவிடுவேன்.
உதவி என்று நினைத்திருந்தேன்.
ஒப்புக்குச் சப்பாணி என்று
அவனை ஒருநாளும் சொன்னதில்லை;
அப்படி நினைத்துத்தான்
அவனுக்குச் செய்தி அனுப்பினேன்,
எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு சிரிப்புமுகம் வைத்து.

இரவு ஒன்றரைக்குக்
குழுவின் கோப்பில் நான் மட்டும் விழித்திருப்பேன்.
பிர்கித்தின் நீலத்தைப் பச்சையாக்குவேன்.
ரக்னாரின் மூன்று பத்திகளை ஒன்றாக நசுக்குவேன்.
காலையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
பிறகு யாரும் எதையும் எழுதவுமில்லை.
எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று
அறைத்தோழியிடம் புலம்பினேன்.
அந்தப் புலம்பலில் ஒரு ருசி இருந்ததை
இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பது,
முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு, நாற்பது,
ஏழாவது துளைக்கு எதிரே
வெறும் நான்கு.
சிரிப்பு வந்தது.
பக்கத்தில் ஓர் ஒன்றைச் சேர்த்தேன்.
ஒரே விசை: நாற்பத்தொன்று.
ஓரத்தில் அவன் எழுதியிருந்த குறிப்பில்
முதல் வரியிலேயே இரண்டு எழுத்துப்பிழை.
மேலே படிக்காமல் அழித்தேன்.
வரைபடம் அழகாக வந்தது,
தேய்த்து மடித்த மேசைவிரிப்பு போல.

கடைசி நாள்.
ரக்னார் சறுக்குவண்டியில் கருவிகளைக் கட்டி
வரைபடத்தைப் பார்த்தபடி
குறுக்கு வழியில் இழுத்துப் போனான்.
ஸ்தாஸ் கத்தினான்.
ருஷ்ய மொழியில், ஒற்றைச் சொல்.
அதை யாரும் முடித்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.
தூக்கிய காலோடு நின்றான் ரக்னார்.

குப்புறப் படுத்து, கையை நீட்டி,
ஏழாம் துளைக்குள் அளவுகோலை விட்டு
எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான் ஸ்தாஸ்.
நான்குகூட இல்லை.
கரையிலிருந்து ஒரு குழாய் அடியில் வருகிறது,
வெந்நீர் விடுகிறார்கள்,
அன்றைக்கும் இப்படிப் படுத்துத்தான்
மூன்று முறை அளந்தேன், என்றான்.
எழுதியிருந்தேனே, என்றான்.

அவன் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
நான்தான் மாற்றினேன் என்று
பனியைப் பார்த்துச் சொன்னேன்.
பிறகு ரக்னாரைப் பார்த்து இன்னொரு முறை.
வண்டியின் கயிறு அவன் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவு நால்வரும் ஒரே மேசையில்.
நான்கை நான்காக்கினோம்.
மேசைவிரிப்பில் ஒரு கிழிசல் விழுந்தது.
பிர்கித் என்னைக் கேட்காமலே
நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.
எனக்கு இன்றும் பச்சைதான் பிடிக்கும்.
சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மாற்றவில்லை.

வகுப்பில் பேராசிரியர் கிழிசலைத் தொட்டு
இது என்ன என்றார்.
ஸ்தாஸ் எழுந்தான்.
இந்த இடத்தில் பனி, என்று தொடங்கி நின்றான்.
என் நாக்கின் நுனியில்
மெல்லியது என்ற சொல் தயாராக இருந்தது.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன்.
சுவர்க் கடிகாரம் என்னைவிட அவசரப்பட்டது.
பனி, என்றான் மறுபடி.
இந்த இடத்தில் பனி இல்லை.
ஆறு இங்கேதான் மூச்சு விடுகிறது.

பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார்.
ரக்னாரின் புகைப்படங்கள்
அப்போதும் வந்து சேர்ந்திருக்கவில்லை.